ஓட்டை வாளியும் எங்கள் கூடார வண்டியும்



எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்வையும், அதில் நாங்கள் அடைந்த வெட்கத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். ஒரு பொருளை வைத்திருப்பவருக்கு அப்பொருளின் மீது என்ன கடமை உண்டு என்பதை நாங்கள் ஏட்டில் படித்திருந்தோம். ஓர் ஆடி மாத இரவில்தான் உணர்ந்தோம்.

நாங்கள் ஒசூரில் வாழும் குடும்பத்தினர். எங்கள் பூர்வீகம் பழனிப் பக்கம். 1980ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு தொழிற்சாலை இங்கே தொடங்கப்பட்டு, அதையொட்டிச் சிப்காட் வளாகத்தில் ஆலைகள் பெருகிய காலத்தில், பிழைப்புத் தேடி வந்தவர்களுள் எங்கள் அத்தாவும் ஒருவர். அவர் ஓர் ஆலையின் கருவிக் கிடங்கில் பணிபுரிந்து ஓய்வு பெற்று, மூன்றாண்டுகளுக்கு முன் இறையடி சேர்ந்தார். அண்ணன், தம்பி என இரு குடும்பங்களும் அம்மாவும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக வசிக்கிறோம். பிள்ளைகள் ஐவர்.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. வெளியூர் சென்றால் விடுதிகளின் மாடிப்படி அவர்களுக்கு ஆகாது. உளூச் செய்ய வசதி, தொழ ஓர் இடம், பெண்களுக்கு மறைவு, ஹலாலான உணவு இவை நான்கும் ஒருங்கே அமையும் தங்குமிடம் கிடைப்பது அரிது. இதனால் பல ஆண்டுகள் எங்கும் செல்லாமலே இருந்தோம். அப்போதுதான் பெங்களூரில் ஒருவர், வெளிநாட்டுக்குக் குடிபெயர்வதால், தம்முடைய மடிப்புக் கூடார வண்டியை விற்கப்போவதாக அறிந்தோம்.

இத்தகைய வண்டியைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். மூடியிருக்கும்போது அது இரு சக்கரங்கள் கொண்ட, இடுப்பளவு உயரமுள்ள ஒரு பெட்டி. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லலாம். தங்குமிடம் சேர்ந்ததும் கைப்பிடியைச் சுழற்றினால், கம்பி வடங்கள் இழுக்க, மேற்கூரை எழும்பும். முன்னும் பின்னும் இரு படுக்கைப் பலகைகள் இழுப்பறைபோல் வெளியே வரும். கூரைக்கும் பலகைக்கும் இடையே கித்தான் துணி சுவராக விரியும். உள்ளே ஆறு பேர் படுக்கலாம். நடுவில் நின்று தொழலாம். அமெரிக்காவில் மோட்டார் கார்கள் பரவத் தொடங்கிய காலத்திலேயே, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே, இவ்வகை வண்டிகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. நம் நாட்டில் இன்னும் அரிதுதான்.

விலை பேசி வாங்கினோம். கர்நாடகத்தில் பதிவான வண்டியாகையால் அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று, ஒசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மறுபதிவு செய்தோம். கே.ஏ. என்று தொடங்கிய எண் பலகை போய், டி.என். 70 என்ற பலகை வந்தது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி அதை முதன்முதலாக இழுத்து வந்த நாளில் பிள்ளைகளின் மகிழ்ச்சி சொல்லி மாளாது.

அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா ஓர் இறைவசனத்தை நினைவூட்டுவார்கள். சூரா அந்நஹ்லின் 80ஆவது வசனத்தில் அல்லாஹ், வீடுகளை நமக்கு அமைதித் தலமாக ஆக்கியதைக் கூறிவிட்டு, உடனே கூடாரங்களையும் தன் அருட்கொடைகளின் வரிசையில் குறிப்பிடுகிறான். பயணம் புறப்படும் நாளிலும் தங்கும் நாளிலும் சுமக்க எளிதாக இருக்கும் தோல் கூடாரங்கள் அவை. கம்பளி, உரோமம், முடி ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் தட்டுமுட்டுப் பொருட்களையும் அவ்வசனம் சொல்கிறது. ஆனால் அவற்றின் பயன் ஒரு காலம் வரைதான் என்றும் அதே வசனம் முடிக்கிறது. அந்த முடிவை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

கடந்த மே மாத இறுதியில், காவேரிப்பட்டினம் அருகே தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் இரண்டு இரவுகள் தங்கினோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய் அறுவடை நடக்கும் காலம். இரண்டாம் நாள் பிற்பகலில் கோடை மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை முதல் ஷிப்டுக்குச் செல்ல வேண்டியிருந்ததால், கித்தானில் நீர் சொட்டச் சொட்ட, மெத்தைகளையும் உள்ளேயே திணித்து, கூரையை இறக்கிப் பூட்டிவிட்டோம். “நாளைக்கே திறந்து காயப்போட்டுக்கலாம்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். எங்களில் யார் திறப்பது என்று மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த நாளை வரவேயில்லை. ஒருவருக்குக் கூடுதல் நேரப் பணி. மற்றவருக்குப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீருடை, புத்தகம் என அலைச்சல். அண்ணன் திறந்திருப்பார் என்று தம்பியும், தம்பி திறந்திருப்பான் என்று அண்ணனும் இருந்துவிட்டோம். மேலே ஒரு தார்ப்பாயையும் போட்டுக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. இப்படியே ஏழு வாரங்கள் கடந்தன.

ஜூலை மாத நடுவில் ஓர் இரவு பதினொரு மணியளவில் கதவு தட்டப்பட்டது. எங்கள் தெருவின் கோடியில் ஆலைத் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகள் உள்ளன. அங்கு வசிக்கும் ஜார்க்கண்ட் மாநில இளைஞர் ஒருவர் நனைந்தபடி நின்றார். ஆடிக் காற்றில் அவர் அறையின் கூரைத் தகடு பெயர்ந்து விழுந்துவிட்டது. உள்ளே முழுவதும் மழை. மனைவி பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாட்களே ஆகியிருந்தன. பாதித் தமிழும் பாதி இந்தியுமாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “பாய், அந்த டென்ட் வண்டி கொஞ்ச நாள் கிடைக்குமா?”

எங்கள் பிள்ளைகள் அந்த வண்டியைத் தெரு முழுவதும் பெருமையடித்திருந்தார்கள். நாங்களும் குறைந்தவர்கள் அல்லர். “யாருக்குத் தேவைன்னாலும் கேளுங்க” என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்தோம். ஆகவே பெருந்தன்மையோடு, “இதுக்கென்ன, வாங்க” என்று டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

தார்ப்பாயை அவிழ்த்துக் கைப்பிடியைச் சுழற்றினோம். பாதி எழும்பிய கூரை ஒரு மூலையில் சிக்கிக்கொண்டது. அந்தப் பக்கத்துக் கம்பி வடம் துருவேறிக் கப்பியில் இறுகியிருந்தது. இடைவெளி வழியே வந்த நாற்றம் எங்களை இரண்டடி பின்வாங்கச் செய்தது. விளக்கு வெளிச்சத்தில் கண்டோம்: கித்தானெங்கும் கரும்புள்ளிகள், மெத்தையைக் குடைந்து எலிகள் கட்டிய கூடு, பலகையெல்லாம் எலிப் புழுக்கை. அந்த இளைஞர் எதுவும் சொல்லவில்லை. ஒரு கணம் உள்ளே பார்த்தார். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு, “பரவாயில்லை பாய்” என்றார். எங்களைச் சங்கடப்படுத்திவிட்டோமோ என்று அவர் வருந்தியதுதான் எங்களை மிகவும் சுட்டது.

அதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டார்கள். நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, “பச்சப் புள்ளைய வெளிய நிறுத்தாதீங்க. என் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். அன்றிரவு அந்தத் தாயும் குழந்தையும் அம்மாவின் கட்டிலில் உறங்கினர். அம்மா கூடத்தில் பேரப்பிள்ளைகளோடு படுத்துக்கொண்டார்கள். முழங்கால் வலியோடு தரையிலிருந்து அவர்கள் எழ முயல்வதை ஃபஜ்ரு நேரத்தில் பார்த்தோம்.

தொழுது முடித்தபின் அம்மா எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி. “பக்கத்து வீட்டுக்காரர் வாளி கேட்டு வந்தா இல்லேன்னு சொல்றது தப்புன்னு உங்களுக்குத் தெரியும். இருக்குன்னு சொல்லி ஓட்டை வாளியக் கையில குடுத்தா, அது என்ன கணக்கு?”

நாங்கள் விடை சொல்லவில்லை. ஆனால் அன்று பகல் முழுவதும் எங்கள் உள்ளத்தில் சூரா அல்மாஊன் ஓடிக்கொண்டிருந்தது. திருக்குர்ஆனின் 107ஆவது அத்தியாயம்; ஏழே வசனங்கள்; நம் பிள்ளைகள் மக்தபில் தொடக்கத்திலேயே மனனம் செய்வது. அநாதையை விரட்டுபவனில் தொடங்கும் அந்த அத்தியாயம், அற்பமான பொருட்களையும் தடுத்துக்கொள்பவர்களைக் கண்டிப்பதோடு முடிகிறது. ‘மாஊன்’ என்பதற்கு ஸகாத் எனப் பொருள் கொண்ட விரிவுரையாளர்கள் உண்டு. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்ளும் புழங்கு பொருட்கள் எனப் பொருள் கொண்டோரும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வாளியையும் சமையல் பாத்திரத்தையும் இரவல் தருவதையே மாஊன் என்று தாங்கள் கருதிவந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கூறிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

இவ்வளவு நாள், ‘நாங்கள் யாருக்கும் எதையும் மறுத்ததில்லை, எனவே அந்த வசனம் எங்களைப் பற்றியதன்று’ என்று நினைத்திருந்தோம். ஆனால் வாயால் மறுப்பது மட்டும்தான் மறுப்பா? கொடுக்க முடியாத நிலையில் ஒரு பொருளை வைத்திருப்பதும், கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவதில்தானே முடிகிறது? பொருள் எங்களிடம் இருந்தது. கொடுக்கும் மனமும் இருந்தது. ஆனாலும் பயன் தடுக்கப்பட்டது. தடுத்தது எங்கள் சோம்பல். மார்க்கத் தீர்ப்பாக இதை நாங்கள் சொல்லவில்லை; அத்தகுதி எங்களுக்கு இல்லை. எங்கள் மனச்சான்று எங்களிடம் கேட்ட கேள்வியைத்தான் எழுதுகிறோம்.

அத்தாவின் நினைவும் வந்தது. கருவிக் கிடங்கில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன்கள் இருக்குமாம். ஒரு கருவியை வாங்கும்போது டோக்கனைக் கொடுக்க வேண்டும். கருவியைத் திருப்பித் தரும்போது டோக்கன் கைக்கு வரும். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் கருவியை அத்தா வாங்கமாட்டார். “அடுத்து வர்றவன் என்ன பாவம் செஞ்சான்?” என்பாராம். கணக்குப் புத்தகத்தில் கருவி வந்துவிட்டால் போதாது. அடுத்தவர் உடனே எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் வர வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் பிள்ளைகளாகிய நாங்கள்தாம் இந்த வண்டியை இப்படி விட்டோம்.

அந்த வாரக் கடைசியில் வேலையைத் தொடங்கினோம். வண்டியை முழுவதும் விரிக்க மூடிய நீளத்தைப்போல் இருமடங்கு இடம் வேண்டும். பக்கத்துக் காலி மனையின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று அங்கே தள்ளிச் சென்றோம். எங்களுக்கு முன்பே அந்த ஜார்க்கண்ட் இளைஞர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். சொந்த ஊரில் திருமணப் பந்தல் போடுபவரிடம் சில காலம் வேலை செய்தவராம். ஷாமியானாத் துணிகளைத் துவைத்துக் காயவைப்பது அவருக்குப் பழகிய வேலை. உதவ நினைத்து நாங்கள் உதவ முடியாதுபோன மனிதர், இப்போது எங்களுக்கு ஆசிரியரானார்.

அவரிடமும், கிருஷ்ணகிரியில் லாரித் தார்ப்பாய் தைக்கும் ஒரு பெரியவரிடமும், எங்கள் தவறுகளிலிருந்தும் கற்றதை, கூடாரமோ, ஜமாஅத்தின் பந்தல் துணியோ, லாரித் தார்ப்பாயோ வைத்திருப்போருக்குப் பயன்படும் என்பதால் இங்கே சொல்கிறோம்.

முதலில் எலிக் கழிவு. அதை உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தூசி மூச்சில் கலக்கும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினி கலந்த நீரைத் தெளித்து நனைத்து, சிறிது நேரம் கழித்துத் துணியால் வழித்தெடுத்தோம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் இதில் அலட்சியம் ஆகாது. நாங்கள் தொழும் இடமும் அதுவே என்பதால், அசுத்தத்தின் அடையாளம் நீங்கும்வரை பலகைகளை மும்முறை கழுவினோம். கூடு கட்டப்பட்ட மெத்தைகளைக் காப்பாற்ற இயலவில்லை. எலி நுழைந்த வழியைத் தேடினோம். மின்கம்பி செல்லும் துளையைச் சுற்றி விரலளவு இடைவெளி இருந்தது. அதில் இரும்பு நாரைத் திணித்து அடைத்தோம்.

அடுத்தது கித்தான். ஈரம் தங்கிய துணியில் பூஞ்சை பிடிக்க ஓரிரு நாட்களே போதும்; நாங்கள் கொடுத்ததோ ஏழு வாரங்கள். முதலில் துணியை நன்றாக வெயிலில் உலர்த்தி, மென்மையான பிரஷால் பூஞ்சைப் பொடியை வெளிப்புறமாகத் தட்டி அகற்றினோம். எங்களில் ஒருவர் துவைக்கும் சோப்புத் தூளை வாளியில் கொட்டப் போனபோது, அந்த இளைஞர் கையைப் பிடித்துத் தடுத்தார். காரமான சோப்புத் தூளும் வெளுப்பானும் கித்தானின் நீர்த்தடுப்புப் பூச்சைக் கரைத்துவிடும். தையல் நூலையும் இற்றுப்போகச் செய்யும். வண்டி கழுவுமிடங்களில் உள்ள அழுத்த நீர்ப்பீச்சியும் வேண்டாம் என்றார். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, பஞ்சால் ஒற்றி, அரை மணி நேரம் விட்டு, மென்மையாகத் தேய்த்து, வெறும் நீரால் அலசினோம். எஞ்சிய அழுக்கிற்கு மட்டும் இளஞ்சூட்டு நீரில் கரைத்த மிதமான குளியல் சோப்பு.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். எங்கள் தெருவில் கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துத்தான் வாழ்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்து, ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள் என்பதை அறிந்த சமுதாயம் நாம். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. குழாயைத் திறந்துவிடாமல், மூன்று வாளிகளை வரிசையாக வைத்து ஒரே பஞ்சால் ஒற்றி ஒற்றியே முழுக் கித்தானையும் அலசி முடித்தோம். இரண்டு நாட்கள் ஆயின. ஆனால் நீர் வீணாகவில்லை.

உலர்த்துவதுதான் மிகக் கடினம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஒசூரில் ஆடி, ஆவணி மாதங்களில் மேகமூட்டமும் தூறலும் மாறி மாறி வரும். தொட்டால் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் தையல் மடிப்புக்குள்ளும் ஜிப்பின் ஓரங்களிலும் ஈரம் ஒளிந்திருக்கும். நான்கு நாட்கள் காலையில் விரித்து மாலையில் இறக்கினோம். பின்னரே நீர்த்தடுப்புப் பூச்சை மீண்டும் பூசி, தையல் கோடுகளுக்குத் தனியே மெழுகு தேய்த்தோம். ஜிப்புகளைப் பழைய பல் துலக்கியால் துடைத்து, மெழுகுவத்தியால் உரசினோம், புதியவைபோல் ஓடின. வடக்குப் பக்கத்துக் கித்தான் மட்டும் விரல் பட்டால் கிழியும் அளவுக்கு இற்றிருந்தது. அதைக் கிருஷ்ணகிரிப் பெரியவர் வெட்டியெடுத்துப் புதுத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். மற்றப் பக்கங்களில் பூஞ்சை போனாலும் சாம்பல் நிறத் தழும்புகள் போகவில்லை. அவை இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிறகு இரும்பு. துருப்பிடித்த கம்பி வடத்தை எண்ணெய் விட்டு ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் துணியால் தடவிப் பார்த்தபோது அறுந்த இழைகள் துணியில் சிக்கின. கூரையைத் தாங்கும் வடம் அது. கீழே குழந்தைகள் படுப்பார்கள். புதியதை வாங்கி மாற்றி, கப்பிகளுக்குக் கிரீஸ் இட்டோம். ஜாக்கி வைத்துச் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளில் கெட்டிப்பட்டிருந்த பழைய கிரீஸை வழித்துப் புதியதை நிரப்பினோம். அதிகம் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. டயரில் தேய்மானம் சிறிதும் இல்லை. ஆனால் பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருந்தன. டயரின் மேல் பொறித்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நின்ற இடத்திலேயே டயர் முதுமையடையும் என்பதை அன்றுதான் அறிந்தோம். இரண்டையும் மாற்றினோம். கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்குகளின் இணைப்பு ஆகியவற்றையும் சரிபார்த்தோம்.

எரிவாயு அடுப்பின் ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கூடாரத்துக்குள் சமைப்பதில்லை என்று உறுதியும் எடுத்துக்கொண்டோம். இதற்கு நம் சமுதாயத்துக்கு வேறு நினைவூட்டல் தேவையில்லை. 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மினாவில் ஹாஜிகளின் கூடாரங்களில் பற்றிய தீயில் 340க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே தீப்பிடிக்காத, டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைக் கூடாரங்கள் அங்கு அமைக்கப்பட்டன.

அந்த இளைஞரின் அறைக்குக் கூரை மாற்ற ஒன்பது நாட்கள் ஆயின. அதுவரை அவர் குடும்பம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதிலும் பெருங்காயம் பூசுவதிலும் அவர்களுக்கு மொழி தடையாகவில்லை. வேலை செய்ததற்குக் கூலி என்று அவர் கையில் நாங்கள் வைத்த பணத்தை அவர் வாங்கவில்லை. அப்போது அம்மா, “புள்ளைக்குச் சட்டை வாங்கிக் குடுங்க, அத வேணாம்னு சொல்ல முடியாது” என்று வழி சொன்னார்கள்.

வண்டி ஆயத்தமானபின் எங்களுக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். மழையில் மடிக்க நேர்ந்தால், வீடு சேர்ந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் திறந்து விரிக்க வேண்டும். அது யார் பொறுப்பு என்பதைத் தோப்பை விட்டுக் கிளம்பும் முன்னரே பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும்; ‘பார்த்துக்கலாம்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. பயணம் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை, முதல் வெள்ளியை அடுத்த விடுமுறை நாளில், திறந்து காற்றாட விட வேண்டும். உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. திறந்த நாள், உலர்த்திய நாள், கிரீஸ் இட்ட நாள், யாருக்கு இரவல் தந்தோம் என்பன அதில் எழுதப்படும். இப்பொறுப்பை எங்கள் மூத்த மகள் ஏற்றிருக்கிறாள். அவளிடம் சாக்குப்போக்குகள் செல்லுபடியாவதில்லை.

கடந்த நவம்பரில் எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர் வஃபாத்தானார். வெளியூர்களிலிருந்து வந்த உறவினர்கள் தங்க அந்தச் சிறிய வீட்டில் இடமில்லை. அவருடைய மகன் தயங்கித் தயங்கி எங்களிடம் கேட்டார். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வண்டியை அவர் வீட்டு வாசலுக்குத் தள்ளிச் சென்று விரித்தோம். கூரை தடையின்றி எழும்பியது. உள்ளிருந்து நாற்றம் வரவில்லை. மூன்று இரவுகள் அவ்வீட்டின் பெண்கள் அதில் உறங்கினர். நான்காம் நாள் பெருக்கித் துடைத்துத் திருப்பித் தந்தார்கள். நோட்டில் அவர்கள் பெயரை எழுதும்போது எங்கள் கண்கள் கலங்கின. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அந்த ஆடி இரவில் பதினெட்டு நாள் குழந்தையோடு ஒரு தாய் எங்கள் வாசலில் நனைந்து நின்ற நேரத்தை இது ஈடுசெய்துவிட்டதாக நாங்கள் கருதவில்லை.

உங்கள் வீட்டில் கூடார வண்டி இல்லாதிருக்கலாம். ஏணி ஒன்று இருக்கும். பெரிய தேக்சா இருக்கும். சக்கர நாற்காலியோ, தையல் இயந்திரமோ, ஜமாஅத்தின் ஜனாஸாக் கட்டிலோ உங்கள் பொறுப்பில் இருக்கும். இன்று அதை ஒருமுறை திறந்து பாருங்கள். நாளை ஒருவர் கேட்டு வந்தால் தயங்காமல் கையில் கொடுக்கும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், கேட்பவர் வருவதற்கு முன்பே சரிசெய்து வையுங்கள்.

நமக்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு பொருளையும் அமானிதமாகப் பேணி, அண்டை வீட்டாருக்குப் பயனுள்ளதாக வைத்திருக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! எங்கள் கவனக்குறைவை மன்னிப்பானாக! ஆமீன்.